சேவியர் அனுப்பிய வாய்ஸ் நோட்

போன சனிக்கிழமை, இங்கே வளைகுடாவில், கராமா பகுதியில் எங்கள் வழக்கமான ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு. எதிரே சேவியர். மணப்பாட்டுக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே செக்யூரிட்டி சூப்பர்வைசர். ரசம் வரை வந்துவிட்டார், கண் மட்டும் போனிலேயே இருந்தது.

"என்னாச்சு?" என்றேன்.

போனை என் பக்கம் தள்ளினார். பெங்களூரில் சட்டம் படிக்கிற அவருடைய மகள் ஜெனி, மாணவர் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிற வீடியோ. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு இடம் தராத ராணுவத்தை, ஆள் எடுக்க நம் பல்கலைக்கழகத்துக்குள் விடக் கூடாது... இதுதான் அவள் கொண்டுவந்த தீர்மானம். திங்கட்கிழமை ஓட்டெடுப்பு.

அதை யாரோ சேவியரின் முன்னாள் படைவீரர் குரூப்பில் போட்டுவிட்டார்கள். 'இது உம்ம மகளா?' 'அவளைப் படிக்க வச்சது எந்தச் சம்பளம்?' கடைசியில் அட்மின்: மகளை மன்னிப்புக் கேட்கச் சொல், இல்லையென்றால் வெளியே போ.

ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வலிக்காதா?

சேவியர் அக்கம்பக்கம் பார்த்தார். இந்த ஊரில் இந்தப் பேச்சை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

"ரூமுக்குப் போவோம் அண்ணாச்சி. அவகிட்ட பேசணும். நீங்க பக்கத்துல இருங்க, இல்லன்னா நான் கத்திருவேன்."

ரூமில் அவளுக்கு வீடியோ கால் போட்டார். நான் பக்கத்தில் இருந்தும் கத்தினார்.

"ராணுவத்தைப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்? பங்கர்ல ஒருத்தன் மேல ஒருத்தன் ஒட்டிக்கிட்டுப் படுக்கணும். அங்க போயி இந்த மாதிரி ஆளுங்க..."

திரையில் ஜெனி நிதானமாகக் கேட்டாள். "அப்பா, ஒங்க கூட அப்படி ஒருத்தர்கூட இல்லையா?"

சேவியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருந்தான். வயர்லெஸ் ஆப்பரேட்டர். பனியில எனக்குக் கால் மரத்துப் போனப்ப, தோள்ல தூக்கிப் போட்டு மலைய விட்டு எறக்குனவன்."

"அப்புறம்?"

"விஷயம் வெளிய வந்துச்சு. வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. வண்டில ஏறும்போது எங்களையே பாத்தான். ஒருத்தனும் கை காட்டல. நானுந்தான்."

"சாரிப்பா."

"சாரி எதுக்கு? ஆனா நீ செய்யறதும் சரியில்லட்டி. ராணுவத்த வாசல்லயே நிறுத்திட்டா அவனுக்கு என்ன லாபம்? உள்ள விடு. மூஞ்சிக்கு நேரா கேளு."

"வாசல்ல நிறுத்தினாத்தான் காதுல விழும்ப்பா. உள்ள இருந்த நீங்க யாராவது கேட்டீங்களா?"

"அப்புறம் பேசுறேன்" என்று சேவியர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் என் எதிரிலேயே குரூப்பில் வாய்ஸ் நோட் போட்டார். "எம் மக மன்னிப்புக் கேக்க மாட்டா. அவ தீர்மானத்துல எனக்குச் சம்மதம் கெடையாது. ஆனா அவ கேள்வி சரி. நம்ம வயர்லெஸ்காரன் நல்ல சோல்ஜர். அன்னைக்கு நாம பேசியிருக்கணும்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அட்மின் அவரை நீக்கிவிட்டார். கலாஸ், கதை முடிந்தது!

இரண்டு நாள் கழித்து சேவியரே கூப்பிட்டார். "ஒருத்தன் தனியா மெசேஜ் போட்டிருக்கான் அண்ணாச்சி. எனக்குக் கீழ வேலை பாத்தவன். 'சாப், நானும் அவர மாதிரிதான். நம்ம ஆளு ஒருத்தர் வாயில இருந்து இத இப்பத்தான் கேக்கேன்'னு. பேரக் கேக்காதீங்க."

கேட்கவில்லை. கேட்பேனா?

எனக்கு ஒன்று தோன்றியது. 'இந்த மாதிரி ஆளுங்க' என்று பன்மையில் பேசும்வரை நம் எல்லோருக்கும் வாய் நன்றாகத்தான் ஓடுகிறது. தெரிந்த ஒரு முகம் குறுக்கே வந்துவிட்டால்தான் தடுக்குகிறது. தடுக்கட்டுமே!

ஓட்டெடுப்பா? தீர்மானம் தோற்றுவிட்டது. ஜெனி விடுவதாக இல்லை, மறுபடி கொண்டுவரப் போகிறாளாம். அந்தக் கூட்டத்துக்கு அப்பாவைப் பேசக் கூப்பிட்டிருக்கிறாள். சேவியரும் லீவு கேட்டுவிட்டார் — அவளை எதிர்த்துப் பேச!