உள்ளங்கால் அறியாத வெயில்

நார்வேக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். ஒரு காலையில் பக்கத்து வீட்டு இங்கர் அம்மாள் கதவைத் தட்டி, "ஹார் து யெஸ்ட்?" என்று கேட்டார். ரொட்டி சுட ஈஸ்ட் வேண்டுமாக்கும் என்று நினைத்துப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் பனியைக் காட்டினார். குப்பைத்தொட்டியிலிருந்து என் கதவு வரை காலடித் தடங்கள். வலதில் செருப்பு, இடதில் வெறுங்கால், ஐந்து விரலும் தெளிவாக. யெஸ்ட் என்றால் விருந்தாளியாம். வீட்டுக்குள் யாரோ இருப்பதாகப் பயந்திருக்கிறார். தனியாக இருப்பவன் நான். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் குப்பை கொட்டிவிட்டு வந்திருந்தேன். குனிந்து பார்த்தேன். என் இடக்காலில் செருப்பு இல்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

டாக்டர் என்னைப் படுக்கவைத்து, நைலான் நூலின் நுனியால் உள்ளங்காலைத் தொடப்போவதாகச் சொன்னார். தொடும்போது சொல்லலாமென்று காத்திருந்தேன். அவர் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார். பிறகு எழுந்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், தரை காணாமல் போயிற்று. நர்ஸ் தாங்கிப் பிடித்தாள். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இவ்வளவு நாளும் உங்கள் கண்தான் நடந்திருக்கிறது என்றார். சின்ன வயதில், எங்கள் ஊர் தக்கலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் வரப்பின் வழுக்கலைக் காலே சொல்லும். கண் பாட்டுக்குக் கொக்குகளோடு போகும். அன்றிலிருந்து நான் காலைப் பார்த்துத்தான் நடக்கிறேன்.

மே மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். கால் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் உச்சிப்பொழுதில் எல்லோரும் முருகன் கோயிலுக்குப் போனோம். பிராகாரத்துக் கல்தளம் கொதித்துக் கிடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும்கூடப் சேலை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள். நான் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, நிதானமாக வந்துகொண்டிருந்தேன். சுற்றிலும் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"ஏலே, வேகமா வாலே! ஒனக்குச் சுடலியா?" அக்கா நிழலிலிருந்து கத்தினாள்.

"சுடலக்கா."

முன்பின் தெரியாத ஒருத்தி "முருகா" என்று கும்பிட்டபடி வந்து என் காலைத் தொட்டாள். அவள் கை என் பாதத்தின்மேல் இருந்ததைக் கண்ணால்தான் கண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அக்கா மருந்து போடும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"இங்கயே இருந்துருலே மக்கா. நான் பாத்துக்கிடுதேன். அங்க ஒத்தையில எப்பிடி நடப்ப?"

"அங்க ரோடு சமமா இருக்கும்க்கா" என்றேன். அது பொய்யில்லை, ஆனால் அதைக் கேட்டு அவள் முகம் மாறியது.

கொப்புளம் ஆறிய பிறகு புறப்பட்டேன். கார் தெருமுனையில் நின்றது. அதுவரை சல்லியும் குழியுமான வழி. பாதியில் அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள். நடந்துகொண்டே திரும்பினால் விழுந்துவிடுவேன். நின்றேன். அவளைப் பார்த்தேன். வீட்டுக்கு மேலே வேளிமலை மேகத்துக்குள் இருந்தது, அதையும் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்து, யாருடையவையோ போலிருந்த அந்த இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டே காரை நோக்கி நடந்தேன். அக்கா கை காட்டினாளா என்று எனக்குத் தெரியாது.