ஒரு கதவுக்கு மட்டும் பச்சை

எனக்குக் கல்யாணமான வருஷமே மாமனாரின் கார் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. மதராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துப் பழகிவிட்டு, செஞ்சிக்குத் திரும்பி, திண்டிவனம் ரோட்டில் தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடிப்பதுதான் பிழைப்பு. அதில் எனக்கு நல்ல பெயரும் இருந்தது.

மாமனாருக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். அவரிடம் இருந்த கார், பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. மூக்கு நீண்ட, பெரிய, பழைய கார். வெளிர்பச்சை நிறம், அதற்குள் வெள்ளிப்பொடி கலந்திருக்கும். வெயில் பட்டால் மீன் செதிள்போல மினுங்கும். தெருவில் அது போனால் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஒருநாள் மண்டி வாசலில் மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டியின் அச்சு, டிரைவர் பக்கத்துக் கதவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழித்துவிட்டது.

“வெளியில எங்கியும் குடுக்க மாட்டேன். நம்ம மாப்ள இருக்கறாரு” என்று அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

கதவைத் தடவிப் பார்த்தேன். ஒடுக்கு எடுப்பது பெரிய வேலையில்லை. நிறம்தான் சிக்கல்.

“மாமா, இந்த மாதிரி மினுக்குப் பச்சை இங்க கெடைக்காது. நான் கலந்துதான் எடுக்கணும். வண்டி பூரா அடிச்சிட்டா வித்தியாசம் தெரியாது.”

“ஐயோ, அது மட்டும் வேணாங்க மாப்ள. இது ஒரிஜினல் பெயிண்டு. கதவை மட்டும் பாருங்க. உங்களால முடியாததா?”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

மதராஸுக்குப் போய் சீக்கிரம் காயும் லேக்கர் பெயிண்டில் பச்சையும், நீலமும், கறுப்பும், அலுமினியப் பொடியும் வாங்கிவந்தேன். சாதாரணப் பச்சையை எங்கிருந்து பார்த்தாலும் அதே பச்சைதான். இது அப்படியில்லை. நேராக நின்றால் ஒரு நிறம், இரண்டடி விலகிச் சாய்ந்து பார்த்தால் வேறொரு நிறம். தகரத் துண்டுகளில் அடித்து, காயவைத்து, காரின் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். சற்று மஞ்சளாக இருக்கும். ஒரு சொட்டு நீலம் விட்டால் ஒரேயடியாக நீலமாகிவிடும். அதைச் சரிசெய்யப்போனால் சேறு. கொட்டகைச் சுவரெல்லாம் தகரத் துண்டுகள் தொங்கின. லாரிக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறிடம் போனார்கள்.

கதவின் உள்விளிம்பில், ரப்பருக்கு அடியில், வெயிலே படாத இடத்தில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. ஒரிஜினல் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். அதற்கு இம்மியும் பிசகாமல் கலந்தேன். கதவை மாட்டி, அடித்து, காயவைத்து, பாலிஷ் போட்டுக் காரை வெளியே தள்ளினேன். கதவு புதுப் பச்சை. மற்றதெல்லாம் வருஷக்கணக்காக வெயிலில் வெளுத்த பச்சை. வேறு யாரோ ஒருவருடைய காரிலிருந்து கழற்றி மாட்டியதுபோல் இருந்தது அந்தக் கதவு.

மாமனார் வந்தார். காரைச் சுற்றி நடந்தார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பரவால்லைங்க மாப்ள. நல்லாத்தான் இருக்குது.”

அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மருமகனைத் திட்டக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் மண்டிப் பக்கம் போனபோது, கார் கதவு தெரியாதபடி சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தது. இறங்குவதற்கு அவர் அடுத்த பக்கம் நகர்ந்து நகர்ந்து வந்தார். பார்க்கப் பொறுக்காமல் காரை நானே கேட்டு வாங்கிவந்தேன்.

இந்தமுறை வெளியே வெளுத்திருந்த நிறத்துக்கே கலந்தேன். தகரத்தில் சரியாக வந்தது, கதவில் வரவில்லை. மெட்டாலிக் பெயிண்டில் ஸ்ப்ரே துப்பாக்கியின் காற்று கூடினால் நிறம் வெளுக்கும்; காற்று குறைந்து ஈரமாக விழுந்தால் வெள்ளிப்பொடி அடியில் போய்க் கறுக்கும். சுற்றிலும் கழனிகளில் பம்பு செட்டு ஓடுகிற நேரத்தில் கரண்ட் இறங்கிவிடும். பாதிக் கதவு அடிக்கும்போது காற்றைத் தள்ளுகிற கம்ப்ரஸர் முனகும். மேலே ஒரு பச்சை, கீழே ஒரு பச்சை. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். அப்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் அடித்த லேக்கர், காயக்காய வெள்ளையாகப் பூத்தது. துப்பாக்கியைத் தூக்கித் தரையில் எறிந்தேன். அதன் மூக்கு வளைந்துபோனது. அதைச் சரிபண்ண மறுபடி மதராஸ்.

மழை விட்ட ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியிடம், அடித்து முடித்த கதவைக் காட்டினேன்.

“எப்படி இருக்குது?”

“உண்மையைச் சொல்லவா?”

“சொல்லு.”

“வேற மாதிரிதாங்க இருக்குது. முன்னாடி நின்னா ஒண்ணாத் தெரியுது. பின்னாடி வந்தா கதவு கறுப்பா இருக்குது.”

“உங்க நைனாவுக்கு மெட்ராஸ்ல ஆளே கெடைக்கலியா? எதுக்கு என் உயிரை எடுக்கறாரு?”

“எங்கிட்ட இன்னாத்துக்குக் கத்தறீங்க? அவருகிட்ட சொல்லுங்க.”

“மாமனாருகிட்ட எப்படிச் சொல்றது?”

“அவரும் வீட்ல இதையேதான் சொல்றாரு. மாப்ளகிட்ட எப்படிச் சொல்றதுன்னு. நீங்க ரெண்டு பேரும் மரியாதை பண்ணிக்கினு கெடங்க. நடுவுல நான் பைத்தியமாவறேன்.”

அவள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மாமனாரை வரச்சொல்லி ஆளனுப்பினேன். வந்தார். கதவு நிறத்தை முன்பக்க, பின்பக்க மட்கார்டு வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்ந்துபோகிற மாதிரி அடித்தால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதற்கு ஒரிஜினலைத் தொட்டாக வேண்டும் என்றேன்.

“அதை மட்டும்…” என்று ஆரம்பித்தார்.

“அப்ப என்னால முடியாது மாமா. இதுக்கு மேல இந்தக் கதவு வராது. ஆரம்பத்திலேயே வராதுன்னு எனக்குத் தெரியும்.”

அவர் முகம் சிவந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

“தெரியும்னா அப்பவே சொல்றதுக்கு இன்னாய்யா? தீபாவளிக்கு வண்டி எடுக்க முடியல, ஊர்ல கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலிக்குது! முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லணும்! இன்னா தொழில் பண்ற நீ?”

முதல் தடவையாக என்னை ‘நீ’ என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. இனி நானும் வாய்விட்டுப் பேசலாம் என்றிருந்தது.

“ஒரிஜினல் ஒரிஜினல்னு நீங்க பிடிச்ச பிடிதான் மாமா எல்லாத்துக்கும் காரணம்” என்று நானும் கத்தினேன். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரும் அந்தப் பக்கம் ஒருதடவை பார்த்தார். பிறகு அவர், “அடிச்சுத் தொலை” என்று சொல்லிவிட்டு நடந்தே மண்டிக்குப் போனார்.

விடிந்ததும், பம்பு செட்டுகள் ஓடத் தொடங்குமுன் அடித்தேன். மட்கார்டு இரண்டிலும் பச்சையை மெல்ல மெல்ல இழுத்துக் கரைத்தேன். காய்ந்ததும் நன்றாகத்தான் இருந்தது. காலையில் குறை தெரியாது. மத்தியானமும் தெரியாது. மாலையில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் சாயும் நேரத்தில் மட்டும், பின்னாலிருந்து பார்த்தால், அந்தப் பக்கம் முழுக்க லேசாக ஒரு நிழல் படிந்ததுபோல் இருக்கும். மற்றவர்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. கடைத்தெருவில் அந்தக் காரைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

சில வருஷங்களில் மாமனார் அதை விற்றுவிட்டு ஜீப் வாங்கினார். வாங்குவதற்கு முன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

“இன்னா மாப்ள, இந்தக் கலர் அடிக்க வருமா உனக்கு? இப்பவே சொல்லிடு.”

வெறும் காக்கி நிறம். வரும் என்றேன்.