அம்மாவுக்காக நான் பேசிய தெலுங்கு

பத்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அம்மாவுக்காகத் தெலுங்கு பேசுவது. அம்மா திருத்தணிப் பக்கத்திலிருந்து ஆந்திராவில் இருக்கும் நகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பவர்லூம் சத்தத்துக்கு நடுவே அவள் கற்றுக்கொண்ட தெலுங்கு, காய்கறி வாங்கும் அளவோடு நின்றுவிட்டது. நானோ தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பவள். ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அம்மாவுக்கு முன்னால் என் வாய் போகும். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியது எனக்குத் தலைகீழாகப் பாடம். அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். அவள் தமிழில் முணுமுணுப்பாள், நான் தெலுங்கில் கணீரென்று சொல்வேன். எங்கள் வீட்டில் பாத்ரூமே கிடையாது, பின்பக்கம் ஓலைத்தட்டி மறைப்புதான். அது எந்த டாக்டருக்கும் தெரியாது. எல்லாம் நைனாவின், அதாவது என் அப்பாவின், கைவேலை என்று எனக்குத் தெரியும். நைனா ஒருநாளும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்ததில்லை. வராத மனுஷரை இவள் ஏன் இப்படிக் காப்பாற்றுகிறாள் என்று அம்மாமேல்தான் எனக்குக் கோபம் வரும்.

ஒருநாள் நைனா வேலைக்குப் போன பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள். வீட்டில் அடிபட்டு வரும் பெண்கள் தங்குகிற ஹோம் ஒன்றில் சேர்ந்தோம். வாசலில் பெயர்ப்பலகைகூட இருக்காது. வியாழக்கிழமைதோறும் அங்கே ஒரு நர்ஸம்மா வருவார். சமையலறைக்கு அடுத்த அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பார். அம்மாவின் முறை வந்ததும் நானும் உள்ளே போனேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பாத்ரூம் பாடத்தை ஒப்பித்துவிட்டேன்.

நர்ஸம்மா என் கன்னத்தைத் தட்டினார். "பாப்பா, நுவ்வு பயட்டிகி வெள்ளி ஆடுகோ."

வெளியே போய் விளையாட வேண்டுமாம்! நான் போய்விட்டால் அம்மாவுக்கு யார் பேசுவது? விடாமல் வாதாடிப் பார்த்தேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மாக்களிடம் எதையும் கேட்பதில்லை, இங்கே அப்படித்தான் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

நான் விடுவேனா? ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். சித்தூரில் இருக்கும் தமிழ் தெரிந்த இன்னொரு நர்ஸுக்கு போன் போட்டு, அதை அம்மாவின் இடது காதில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா போனை வாங்கி வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். நர்ஸம்மா அவளையே பார்த்தபடி நின்றார். டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது, என்னைத் துரத்தியதற்கு நன்றாக வேண்டும் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டில் கூப்பிட்டால் அவள் திரும்பாமல் இருப்பது திமிர் என்று நைனா சொல்வார். நானும் அதை நம்பியிருந்தேன். அதற்குள் நர்ஸம்மா என்னைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனாலும் நடையில் ஏதோ இறக்கி வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு லேசு. இடது காதில் சவ்வு கிழிந்திருக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்ஸம்மாவே கூட்டிப்போவாராம். ஆபரேஷன் செய்தால் மறுபடி கேட்கலாமாம்.

"நானும் வரேன். அங்க டாக்டர்கிட்ட யாரு பேசறது?" என்றேன்.

"நீ வாணாம் கண்ணு. இனிமே நானே பேசிக்கிறேன். போய் சோறு துன்னு."

"உனக்குத்தான் தெலுங்கு வராதே!"

அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வேலை பறிபோன துக்கத்தில் அன்று நான் சாப்பிடாமல் அழுதேன். எந்த டாக்டரிடம் உண்மையைச் சொல்வதானாலும் அவள் அதை என் வாயில் போட்டுத்தான் சொல்லியாக வேண்டும். அதற்கு மனம் வராமல்தான் அவள் அத்தனை ஆஸ்பத்திரிகளிலும் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.