பச்சைப் பென்சில் படித்த முதல் பாகம்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டும் அந்த எழுத்தருக்குப் பச்சைப் பென்சில் என்று பட்டப்பெயர். மேசைக்கு வரும் எந்தக் காகிதத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்துவிட்டு, மூலையில் பச்சையாக ஒரு டிக் போடுவாள். முத்திரை குத்தி அனுப்பத்தான் சம்பளம். படிக்கச் சொல்லி யாரும் அவளைக் கும்பிட்டுக் கேட்கவில்லை.

கணவனும் ஏழு வயது மகளும் இருந்தது வேறு ஊரில், ஆறு மணி நேர பஸ் பயணம். நாலு வருஷமாக சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை எத்தனை நாள் இருப்பம்மா?" என்று விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்பாள் மகள். அந்த ஊர்க் கிளையில் இப்போது ஓர் எழுத்தர் இடம் காலி. அவளது இடமாற்ற மனு அதிகாரியின் மேசையில் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அதிகாரிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஊரில் பாதித் தெருக்களுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. மனுஷர் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். மந்திரமும் போரும் நிறைந்த ஆறு பாகத் தொடர். அட்டையிலேயே 'பெரியவர்களுக்கு மட்டும்'. முதல் பாகம் எண்ணூற்று நாற்பது பக்கம். அலுவலகக் காகிதத்திலேயே பன்னிரண்டு பிரதி எடுத்து, அச்சுக்குப் போகுமுன் கருத்துச் சொல்லுங்கள் என்று ஊழியர்கள் தலையில் கட்டிவிட்டார்.

பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்திதான் படித்தாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்று நிலா, ஐந்து சிம்மாசனம், பக்கத்துக்கு நாலு தலை உருளுகிறது. தலை உருளாத பக்கத்தில் ராணி கொட்டும் பனியில் ஆடை களைகிறாள். ஒரு தும்மல்கூட வருவதில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தில் செத்த குதிரை முந்நூறாம் பக்கத்தில் சாவகாசமாகப் புல் மேய்கிறது. 'பெரியவர்களுக்காம்! எழுதின ஆள் இன்னும் வளரவே இல்லையே' என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு பக்கத்துக்கும் டிக் போட்டாள்.

கூட்டம் நடந்தது. தண்ணீரைப் பற்றி அல்ல.

"அற்புதம் சார்! ராணி அப்படியே கண்ணுல நிக்கறாங்க" என்றார் பதிவறைக்காரர். அவருடைய பிரதி ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. மற்றவர்களும் ஆளுக்கொரு கூடை ஐஸ் வைத்தார்கள்.

அதிகாரி திடீரென்று கேட்டார். "சரி, கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகி யாரு?"

ஆளாளுக்குக் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். பதிவறைக்காரர் மட்டும் அசரவில்லை. "அதைச் சொல்லிட்டா சஸ்பென்ஸ் போயிடுமே சார்!"

பச்சைப் பென்சிலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சமையல்காரன், சார். ஆனா அவன் நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துலயே செத்துட்டானே?"

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவளைத் தன் அறைக்கு அழைத்து, மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார். மனு கைகூடிவிட்டது என்றே அவள் நம்பினாள்; மகளை எந்தப் பள்ளி வாசலில் காத்திருந்து கூட்டிவருவது என்பது வரை மனசு போய்விட்டது.

"நீங்க ஒருத்தர்தாம்மா முழுசாப் படிச்சிருக்கீங்க."

"சார், என்னோட மனு..."

"உங்களை எப்படிம்மா விட முடியும்? இன்னும் அஞ்சு பாகம் இருக்கே!"

"அப்ப அந்தக் காலி இடம்?"

"பதிவறைக்காரரைப் போட்டுட்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்காத ஆளு இங்க இருந்து எனக்கென்ன ஆகப்போகுது?"

பதிவறைக்காரருக்கு அந்த ஊரில் ஒரு பூனைகூடச் சொந்தமில்லை. அவருடைய இடமாற்ற உத்தரவு மதியமே தபால் பிரிவுக்கு வந்தது. அவள் வயிறு எரிந்தது. அவர்மேல் பாதி, தன் கண்கள்மேல் மீதி. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காகிதத்தைப் படிக்காமலே முத்திரை குத்தி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் போனில் மகள் அதே கேள்வியைக் கேட்டாள். "ஒரு நாள்தான்" என்றாள் இவள்.

அடுத்த மாதம் இரண்டாம் பாகம் வந்தது. தொள்ளாயிரம் பக்கம். கட்டைப் பிரித்து, ஒரு வரியைக்கூடப் பார்க்காமல், பக்கத்துக்கு ஒன்றாக மளமளவென்று டிக் போட்டுத் தள்ளினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேலே புதிய மனு ஒன்றை வைத்து அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோனாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் அவர் ஆவலாக.

"அற்புதம் சார்" என்றாள். "ராணி அப்படியே கண்ணுல நிக்கறாங்க."