துவர்த்து மறைத்த பாதி

முகம் வரையப் பழகுகிறவர்களுக்கு முதலில் வரும் கோளாறு, கண்ணைத் தூக்கி உச்சியில் வைப்பது. நான் வரைந்த ஆட்கள் யாருக்கும் நெற்றியே கிடையாது. புருவம் முடிந்ததும் மயிர்தான். தனுவச்சபுரத்தில் கல்லூரிக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரி கடையில் எனக்கு வேலை. பல வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பென்சில் விற்றவள், எனக்கென்று ஒரு பென்சில் எடுத்தது ஐம்பதை நெருங்கும்போதுதான். போனில் ஒரு மலையாளத்துப் பெண் படம் வரையச் சொல்லிக்கொடுப்பாள். தலையை முட்டை மாதிரி வரை, நடுவில் குறுக்கே ஒரு கோடு போடு, கண் அங்கேதான் என்றாள். இவளுக்கென்ன கிறுக்கா, அவ்வளவு கீழேயா கண் இருக்கும் என்று கண்ணாடி முன்னால் நின்று விரலால் அளந்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. இத்தனை காலம் தினமும் கழுவிய மூஞ்சி, கண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை!

சாயங்காலம் பாறசாலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆட்களை வரைந்து பார்த்தேன். தூங்குகிறவர்கள்தான் தோது. ஒருநாள் எதிர் சீட்டுக்காரி சட்டென்று விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "எனக்க மாலை எங்க? அத விட்டுப்போட்டியளே!" என்று குறைப்பட்டாள். நான் போட்டிருந்த மூக்குக்கு அவள் என்னை அடித்திருக்கலாம். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழுத்தில் கிடந்த தங்க மாலைதான் அவளுக்குப் பெரிசு. அங்கேயே மாலையை வரைந்துகொடுத்தேன்.

பொழுதுபோக்குக்குப் பழகினேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு முகம். அது வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது.

என் வீட்டுக்காரர் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டியவர். பாஷை தெரியாத வெள்ளைக்காரனைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்புவார். அவர் சிரித்தால் அக்கரையில் கேட்கும் என்று கூட்டாளிகள் கேலி பண்ணுவார்கள். பக்கவாதத்தில் விழுந்த கையும் காலும் மெல்ல மெல்லத் தேறின. வாயின் இடது பக்கம் மட்டும் தொங்கியது தொங்கியபடியே நின்றது. ஆட்களோடு பேசணும், சிரிக்கணும், கண்ணாடி பார்த்து வாயை அசைக்கணும், இல்லாவிட்டால் இப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொன்னார். இவர் வீட்டுக்கு வந்ததும் தன் அறைக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். படகுக்காரர்கள் பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கிடப்பார். கேட் பக்கம்கூடப் போவதில்லை. எனக்குக் கோபமான கோபம். அதைவிடப் பயம் பெரிசு. இந்த மனுஷன் இந்த அறைக்குள்ளேயே முடிந்துபோய்விடுவாரோ என்று.

ஒருநாள் நேராகப் போய்க் கேட்டேன்.

"இஞ்சேருங்க, எனக்கு வரைஞ்சு பழக ஒராளு வேணும். பஸ்ஸுல எல்லாரும் ஆடுதாவ. நீங்க சும்மாதானே கெடக்குதிய?"

சுவரைப் பார்த்தபடியே, குழறலாக, "கெடக்குதவனுக்குக் கூலி உண்டா?" என்றார்.

அதைக் கேட்டு நான் அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார ஒத்துக்கொண்டார். ஆனால் வாயோரம் வடிவதைத் துடைக்க எப்போதும் தோளில் போட்டிருக்கும் துவர்த்தை எடுத்து, இடது கன்னத்தையும் பாதி வாயையும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அதை விலக்கச் சொல்லக்கூடாது, அதுதான் அவருடைய கண்டிஷன்.

கல்யாணமான பிறகு அவரை இவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது. வலது கண்ணோரம் விசிறி மாதிரி கோடுகள், தண்ணீரில் அடிக்கும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்தவை. காது நான் நினைத்ததைவிடப் பெரிசு. மூக்குக்குக் கோடு போடாதே, நிழலை மட்டும் போடு, மூக்கு தானாக எழும்பும் என்று போன்காரி சொன்னாள். எழும்பியது! ஆனால் எத்தனை தடவை வரைந்தாலும் பாதி முகம்தான். முழுசாக ஒன்றை முடிக்க எனக்குக் கை அரித்தது. கடைசியில் வலது பக்கத்தைப் பார்த்து, அதையே திருப்பிப்போட்டு இடது பக்கத்தையும் வரைந்தேன். இரண்டு கன்னமும் ஒன்றுபோல, வாய் நூல் பிடித்த மாதிரி நேராக. கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை கொஞ்சம் மூத்தால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். கொள்ளாம், நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படத்தைத் தூரத்தில் வைத்துப் பார், பிழை தெரியும் என்பது போன்காரியின் இன்னொரு பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை, மழைக்கோளாக இருந்தது. படத்தைப் பலகையில் கிளிப் போட்டு, வீட்டு முகப்புச் சிட் அவுட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்தேன். வெளிச்சம் போதாமல் பக்கத்தில் எமர்ஜென்சி விளக்கையும் ஏற்றி வைத்தேன். கேட் வரை போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மீன்குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் முன்னாலேயே சந்திப்பில் ஃபிளெக்ஸ் வந்துவிடும், கறுப்பு வெள்ளைப் படத்தோடு. வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியில் அதே படம், பக்கத்தில் விளக்கு. படம் எப்போதும் பழையதாகத்தான் இருக்கும், ஆள் நன்றாக இருந்த காலத்தில் எடுத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் புத்தி முழுக்க அந்த மூக்கு நிழலில் இருந்தது.

"எக்கா! எப்பம் மரிச்சுது? எங்களுக்கு ஒரு வாக்கு செல்லலியே!"

எதிர்வீட்டுக்காரியின் சத்தம். கையில் கரண்டியோடு வெளியே வந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் நாற்காலியைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பூசைக்குப் போன கூட்டம் மொத்தமும் முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

"ஆரும் மரிக்கல்ல. அது நான் வரைஞ்சது" என்றேன்.

"பாவம், புத்தி கலங்கிப்போச்சு" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் பெண்டாட்டி சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? ஒருவர் படுதா கட்ட இடம் பார்த்து என் வீட்டுக்காரரின் பைக்கை ஓரமாக உருட்டினார். இன்னொருவர் பூவார் படகுத்துறைக்குப் போன் போட்டு, "ஆமா, நம்ம அண்ணந்தான், பெயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எலே, போன வையும்வே!" என்று கத்தினேன். "சமாதானமா இருங்க சேச்சி" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். எதிர்வீட்டுக்காரியின் பிடியிலிருந்து என்னால் கையை உருவக்கூட முடியவில்லை.

அப்போது உள்ளே கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். தோளில் துவர்த்து இல்லை. அவசரத்தில் கட்டிலிலேயே விட்டுவிட்டார். தொங்கிய வாய், ஈரமான தாடை, எல்லாம் பட்டப்பகலில் ஊர் முன்னால்.

"ஆருக்காக்கும் இந்தக் கூட்டம்?" என்றார்.

பைக்கை உருட்டியவர், "ஒண்ணுமில்லண்ணா, சும்மா" என்றார்.

"அப்பம் பைக்க இருந்த எடத்துல வை மக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இடது பக்கம் அசையவில்லை, வலது பக்கம் மட்டும் சிரித்தது. சத்தம் மட்டும் பழைய சத்தம், அக்கரையில் கேட்கிற சத்தம். அதைத் திரும்பக் கேட்பேன் என்று நான் நம்பியிருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டு, அழுகையும் சிரிப்புமாக முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். படகுத்துறைக்குப் போன் போட்டவர் அதே போனில், "இல்லப்பா, இல்ல, இஞ்ச நின்னு சிரிக்காரு" என்றார்.

எல்லாருக்கும் சாயா போட்டேன். முதல் சேதிக்கே பூவாரிலிருந்து கிளம்பிவிட்ட படகுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள், ஒருவன் மாலை வேறு வாங்கி வந்திருந்தான். இவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரை அவர்களோடு குழறிக் குழறிப் பேசிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு நாற்காலி முன்னால் போய் நின்று படத்தையே பார்த்தார்.

"ஆராக்கும் இது?"

"நீங்கதான்" என்றேன்.

"நான் இல்ல. இவன் போயாச்சு. அவிய அழுததுல ஒரு தப்பும் இல்ல."

அவர் பலகையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் உள்ளே போய்த் துவர்த்தை எடுத்து வந்து நீட்டினேன். வாங்கி, நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, முகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினார்.

"வரை. வாய நேராக்காத, கேட்டியா? பின்னயும் ஆளு கூடும்."