அம்மாவுக்குப் புரியாத பாட்டு

எண்பதுகளில் ஈப்போவில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஆங்கில ராக் குழு ஒன்று வைத்திருந்தோம். முதல் கேசட்டில் எல்லோருக்கும் பிடித்தது நான் எழுதிய பாட்டுத்தான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் என் அம்மாவின் கைகளைப் பற்றியது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத, கிண்ணத்தில் உறைந்துபோன கட்டிப்பாலின் நாற்றத்தைப் பற்றியது. மேடையில் அந்த வரி வந்ததும் கூட்டமும் சேர்ந்து கத்தும். எனக்குப் பெருமை தாங்காது.

பீடோர் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு ஒரு கேசட் கொண்டுபோனேன்.

“இதுல என்னய்யா பாடுற?” என்றாள் அம்மா.

“சும்மா, காதல் பாட்டும்மா” என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வாங்கக் கையை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“இருய்யா, சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வாரேன். புதுசுல வாடை ஒட்டிக்கும்லா.”