ஆறு வீட்டு மூட்டை

பழிவாங்க ஒரு நோட்டும் பேனாவும் போதும் என்று நினைத்திருந்தேன். பத்தொன்பது வயது. திருப்பதியில் பி.காம் இரண்டாம் வருடம், ஹாஸ்டல் வாசம், சனிக்கிழமையானால் சித்தூர் பஸ். லாபத்தையும் நட்டத்தையும் கோடு போட்டுப் பிரிக்க அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கோடுகளுக்கு நடுவில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரரை நிறுத்தி நசுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் செய்த குற்றம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. தோன்றாவிட்டால் போகட்டும்.

எங்களுடையது பழைய மிஷன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய வரிசை வீடுகள். மொத்தம் ஆறு. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கிய வருடங்கள் அவை. ஆறில் நான்கு வீட்டு ஆண்கள் அங்கே போய்விட்டார்கள். என் நைனாவும் தரைக்கு டைல்ஸ் ஒட்டப் போனார். அங்கே அறை வாடகை, ஓட்டல் சாப்பாடு எல்லாம் போக மிஞ்சியது எங்களுக்கு வரும். அது மாதாமாதம் தாமதமாகவே வந்தது. விலைவாசி மட்டும் ஒரு மாதம்கூடத் தாமதித்ததில்லை.

நாடு திறந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். கடையில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. அதே கடையில் துவரம்பருப்பு, நாங்கள் கந்திபப்பு என்று தெலுங்கிலேயே சொல்லிப் பழகியது, எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு கிலோவை முக்கால் ஆக்கினாள், முக்காலை அரையாக்கினாள். பருப்பில் பாதிக்கு மேல் சுரைக்காயைப் போட்டாள். இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் எண்ணெய் அளந்தாள். தக்காளி விலை சரிந்த வாரங்களில் மூன்று வேளையும் தக்காளி ஊறுகாய்தான். அவள் எதற்கும் அலுத்துக்கொள்ளவில்லை. கணக்குப் படித்த நான் அந்தச் சிக்கனத்தை ஒரு சாகசம் மாதிரி ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கம்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சாமான் கட்டி முடித்ததும் கடைக்காரர் ஒரு கை பொட்டுக்கடலையையோ ஒரு துண்டு வெல்லத்தையோ காகிதத்தில் சுருட்டி மேலே வைப்பார். கொசுறு. யாரும் கேட்க மாட்டார்கள். அவர் வைக்கும் வரை யாரும் நகரவும் மாட்டார்கள். அன்றைக்கு அம்மா கால் கிலோ பருப்பு வாங்கினாள். நான் பக்கத்தில் நின்றேன். பொட்டலம் கைக்கு வந்த பிறகும் அவள் பழக்கத்தில் நின்றுவிட்டாள். கடையில் கூட்டம். கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னாக்கா நின்னுக்கினே கீற? கால் கிலோ பருப்புக்குக் கொசுறு குடுத்தா, அடுத்த மாசம் கடையவே உன் பேருக்கு எழுதி வெக்கணும்."

கூட்டம் சிரித்தது. எங்கள் தேவாலயத்துப் பெண்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. எங்கள் வரிசையிலிருந்து எங்கே போக வேண்டுமானாலும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் அவள் எங்கேயும் போகவில்லை. வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டம் நின்றது. காய்கறிச் சந்தை நின்றது, கடைச் சாமானுக்குப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பினாள். கேட்டால் வெயில் என்பாள், முட்டிவலி என்பாள். நாற்பத்திரண்டு வயதில் என் அம்மா ஒரு கால் கிலோ பருப்பால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தாள். அவளை அந்தக் கடை முன்னால் தலைநிமிர்ந்து நடக்க வைக்க வேண்டும், அதைக் கடைக்காரர் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. ஆறு வீட்டுக்கும் சேர்த்து மொத்த விலையில் வாங்குவது. அவர் கல்லாவில் ஒரே நாளில் ஆறு ஓட்டை. சித்தூரிலேயே மொத்தக் கடைகள் இருந்தன. இரண்டு இடத்தில் கேட்டேன். எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கு உங்கள் முனைக் கடைக்காரர்தான் எடுக்கிறார், நாங்கள் வீடுகளுக்குக் கொடுப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சரி, திருப்பதி இருக்கிறது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

வீடு வீடாகப் போய் நோட்டை விரித்துக் காட்டினேன். கிலோவுக்கு எவ்வளவு மிச்சம், மாதத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு. நாலாவது வீட்டு அக்கா மட்டும் நோட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். குடுபல்லிப் பக்கம் பிறந்தவள், நாக்கு கூர்மை. "ஏம்மே, நீ அரிசி வாங்கப் போறியா, அந்தாளு மேல கேஸ் போடப் போறியா?" என்றாள். ஆனாலும் பணம் கொடுத்தாள். ஆறு பேரும் கொடுத்தார்கள். வீட்டுக்கு இருபத்தைந்து கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு.

திருப்பதி மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நான் ஒருத்திதான் தாவணி. மண்டிக்காரர் பழைய அரிசி வேண்டுமா, புது அரிசி வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார். கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. யாராவது காசு கொடுத்துப் பழசை வாங்குவார்களா? புது சோப்பு, புது பஸ், புது வேலை என்று ஊரே புதுசு புதுசாக ஓடிய காலம். புதுசுதான் வேண்டும், கலப்பு இருக்கக் கூடாது என்று அதட்டலாகச் சொன்னேன். விலை பழசைவிடக் குறைவு என்றார். ஆளுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று நினைத்து, அவர் மனம் மாறுவதற்குள் பணத்தை நீட்டினேன்.

எழுபத்தைந்து கிலோ மூட்டை இரண்டையும் பருப்புப் பையையும் பஸ் கூரையில் ஏற்றி, லக்கேஜ் டிக்கெட் வாங்கி, சித்தூரில் ஆட்டோ பிடித்தேன். இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துக் கடை முன்னால் மெதுவாக விடச் சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மூட்டையின் மேல் கை வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். வாழ்க்கையில் நான் செலவழித்த இரண்டு ரூபாய்களில் அதுவே சிறந்தது.

வாசலில் பாய் விரித்து ஆறு பங்கு போட்டேன். அம்மா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள்.

"பழசுதானம்மே?"

"புதுசும்மா. ஒரு கலப்பு கெடையாது."

சுற்றிலும் ஐந்து பெண்கள் நின்றார்கள். அம்மா அரிசியை மெல்லக் கொட்டிவிட்டு, "சரி" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. மதியம் ஆறு வீட்டிலும் உலை வைத்தார்கள், ஆறு வீட்டிலும் சோறு குழைந்து கூழாகிவிட்டது. பழைய அரிசி பானை நிறையப் பொங்கும், பருக்கை பருக்கையாக நிற்கும். புது அரிசி பொங்காது, ஒட்டும். ஒரு படி போட்ட இடத்தில் ஒன்றரைப் படி போட்டால்தான் வயிறு நிறையும். அப்படியென்றால் என் நோட்டில் இருந்த மிச்சமெல்லாம் நட்டம். அரிசியைக் கிலோவில் வாங்கினாலும் பானையில்தான் கணக்கு என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

நாலாவது வீட்டு அக்கா பானையோடு வந்து நின்றாள். திட்டவில்லை. கரண்டியைப் பானையில் கவிழ்த்துக் காட்டினாள், சோறு விழவில்லை. சாயங்காலத்துக்குள் கடைக்கும் செய்தி போய்விட்டது. எலெக்‌ஷன் வருகிறது, போஸ்டர் ஒட்டுவதற்குப் பசை வேண்டுமென்றால் காலேஜ் பெண் வீட்டில் கேளுங்கள் என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். அவர் ஒரு தடவை அம்மாவைக் கூனிக்குறுக வைத்தார். இப்போது அதே வேலையை நானே செய்திருந்தேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அம்மா வந்து எழுப்பினாள். "எழுந்து நாலாவது வூட்டுக்குப் போ. அவங்க அண்ணன் வூட்ல கேவுரு கீதான்னு கேளு. மூட்ட இன்னா வெலன்னும் கேட்டுக்கினு வா."

கேவுரு என்றால் கேழ்வரகு. களி. அரிசியைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி மூடி, கட்டையால் கிளறி உருண்டை பிடிப்பது. களிக்குப் பொலபொலவென்று இருக்கும் பழைய அரிசி ஆகாது, புது அரிசிதான் உயிர். ஆனால் எங்கள் வரிசையில் களி கிண்டி வருடக்கணக்காகிவிட்டது. அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த நாட்களின் சாப்பாடு அது. மூன்று வேளை அரிசிச்சோறு என்பது நாங்கள் மேலே வந்துவிட்டதற்கு அத்தாட்சி. அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஸ்கூல் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன.

குடுபல்லியிலிருந்து கேழ்வரகு வந்தது, அரிசி விலையில் பாதிகூட இல்லை. அம்மா தன் பெரிய பானையில் களி கிண்டி, நிலக்கடலைத் துவையல் அரைத்து, இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசல் இறங்கினாள். முதலில் நாலாவது வீடு. பிறகு மற்ற வீடுகள். ஒவ்வொரு அடுப்படியிலும் நின்று தண்ணீர் அளவு சொன்னாள், மாவு கட்டி தட்டாமல் கிளறிக் காட்டினாள். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோதும் அவள் பானையோடு எங்கேயோ போயிருந்தாள். அதற்கடுத்த வாரமும். முட்டிவலி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்கு வாங்கிய அரிசி அடுத்த மாதம் பாதி வரை வந்தது. கடைக்காரர் எங்கள் ஆறு வீட்டுக் காசைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மொபெட்டில் வந்து இறங்கினார். அம்மா நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். ஆறு வீடும் சேர்ந்து எடுப்பதாக இருந்தால் மண்டி விலைக்கு ஒட்டித் தருவதாகச் சொன்னார். வருடக்கணக்கில் எங்களிடம் எவ்வளவு வைத்து விற்றார் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது. அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பழைய அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை, எண்ணெய், புளி, மிளகாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்னை எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதினேன். இவ்வளவுதானா, இதற்குள் சமாதானமா?

"அன்னிக்கு கடையில அத்தன பேரு முன்னால எங்கம்மாவ பேசினீங்களே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானா? நான் இன்னாம்மா சொன்னேன்?"

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. என்னை இத்தனை மாதமாகத் தின்றுகொண்டிருந்த அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து விழுந்த கணமே அவருக்கு முடிந்துபோயிருக்கிறது. அதைவிடப் பெரிய அவமானத்தை யாராலும் யோசித்துச் செய்திருக்க முடியாது.

அம்மா என்னைக் கண்ணால் அடக்கினாள். "சின்ன பொண்ணு, வுடுங்கண்ணா. பழசுல ரெண்டு மூட்ட ஓரமா எடுத்து வெச்சிருங்க. வேற யாருக்கும் குடுத்துடப் போறீங்க" என்றாள்.

அவர் நிம்மதியாகப் போனார். நான் அம்மாவோடு சண்டைக்கு நின்றேன். மன்னிப்பாவது கேட்க வைத்திருக்கலாமே என்று கத்தினேன்.

"மன்னிப்ப வெச்சிக்கினு இன்னா கொழம்பு வெக்கிறது? எழுதின வெலய காட்டு."

சனிக்கிழமை விடியலில் அவள் பித்தளைக் கொக்கி வைத்த கைப்பையோடு முதல் பஸ் ஏறித் திருப்பதி வந்தாள். கடை திறக்கும் நேரத்தில்தான் அதைத் தாண்டி வந்திருக்கிறாள். மூட்டை தயாராக இருக்கிறது என்று அவர் கூப்பிட்டுச் சொன்னாராம். இருக்கட்டும் அண்ணா என்று சொல்லிவிட்டு நடந்தாளாம்.

மண்டியில் அவள் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து அரிசி எடுத்தாள். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தாள். வேறு மூட்டை என்றாள். மூன்றாவது மூட்டையில் தலையாட்டினாள். மண்டிக்காரர் சொன்ன விலையைக் கேட்டுக்கொண்டு, சித்தூரில் வாசலுக்கே வந்து இந்த விலைக்குத் தருகிறார்கள் என்று தெலுங்கில் சொல்லி, என் நோட்டை அவர் முன்னால் விரித்தாள். அவர் படித்தார். எந்தக் கடை என்று கேட்டார். அம்மா கடையையும் தெருவையும் தெளிவாகச் சொன்னாள். அவர் இறங்கினார், பருப்பில் கொஞ்சம், எண்ணெயில் கொஞ்சம்.

நான் அவள் காதருகில் சொன்னேன்: "அங்க அவரு நம்ம மூட்டைய யாருக்கும் விக்காம வெச்சிக்கினு இருப்பாரும்மா."

"தெரியும்" என்றாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. எனக்குச் சற்றுப் பயமாகக்கூட இருந்தது. அவள் மண்டிக்காரர் பக்கம் திரும்பினாள். ஆறு வீட்டுக்கு இந்த விலை சரி, இருபத்திரண்டு வீடு என்றால் என்ன விலை என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் களிப்பானையோடு ஏறி இறங்கியது எங்கள் வரிசையில் மட்டுமில்லை. பின்சந்து, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், கடைக்கு நேர் எதிர் வீடு வரை போயிருக்கிறாள். மண்டிக்காரர் இருபத்திரண்டா என்று மறுபடி கேட்டார். அம்மா கைப்பையைத் திறந்து ஒவ்வொரு வீட்டுப் பணமாக எடுத்து வைக்கத் தொடங்கினாள்.